இடது பெட்டியின் மேல் ஒட்டிய சிவப்பு அம்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் பார்ப்பது சந்தேகப்படுகிற வேலை. பத்தொன்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். கடைசி டேபிளில் நின்றுகொண்டு, முடிந்து வருகிற ஷூவை ஜோடி ஜோடியாக எடுத்து, இடதையும் வலதையும் டியூப் லைட்டுக்குக் கீழே அருகருகே வைத்துப் பார்ப்பேன். நிறம் ஒன்றாக இருக்கிறதா, தையல் ஒரே உயரத்தில் போகிறதா, தோலில் சுருக்கம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா. குற்றம் கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவேன். என் கையில் அம்பு வாங்காமல் தப்பித்த ஷூ கம்மி என்று லைனில் பெண்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

சாயங்காலம் கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வரும்போது இந்தப் புத்தியையும் அங்கேயே விட்டுவிட்டு வர முடிவதில்லை. பால் பாக்கெட்டைத் தூக்கி எடை பார்ப்பேன். தையல்காரர் ரவிக்கையை நீட்டினால் இரண்டு கையையும் சேர்த்துவைத்து அளப்பேன். நான் சந்தேகப்படாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். தோல் தொழிற்சாலையில் ஷேவிங் மெஷின் ஓட்டுகிறவர், அதாவது தோலை ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளுகிற வேலை. பொய் சொல்ல வராத மனிதர். எப்போதாவது சொல்ல நேர்ந்தால் கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சொறிய ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவர் போன வருஷம் மூன்று மாதம் விடாமல் என்னிடம் எதையோ மறைத்தார். என்ன மறைக்கிறார் என்று தெரியாமல் நான் பட்டது கொஞ்சம் இல்லை. எல்லாம் ஓர் ஆம்ப்ளிஃபயரில் தொடங்கியது.

மகள் சென்னையில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குக் காலை ஷிஃப்ட், மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். நான் வர ஆறரை ஆகும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்வது ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த பிறகுதான். ஹாலின் இரண்டு மூலையிலும் பெரிய ஸ்பீக்கர், நடுவில் அவருடைய நாற்காலி, பக்கத்தில் தரையில் நானும் அரிவாள்மனையும். பழைய பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பாடுகிறவர் சரியாக நடுவில், டிவி ஸ்டாண்டுக்கு மேலே நின்று பாடுவது போலக் கேட்கும். எனக்கு அது பிடிக்கும். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் கருகிய வாடையோடு அணைந்துபோனபோது, புதிது வாங்கியே தீர வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

வேலூர்க் கடையில் போய்ப் பார்த்தோம். அங்கே காட்டியது ஸ்டீரியோ. ஒரே பெட்டி. உள்ளே இடது பக்கத்துக்கு ஒரு போர்டு, வலது பக்கத்துக்கு ஒரு போர்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர். முன்னால் ஒரே குமிழ். அதைத் திருப்பினால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். எங்கள் கம்பெனியில் இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் தோலை ஒரே இடத்திலிருந்துதான் அடுத்தடுத்து வெட்டுவார்கள். வெட்டின கையோடு இரண்டுக்கும் ஒரே நம்பர் போட்டுவிடுவார்கள். வேறு வேறு தோலில் வெட்டினால் அன்றைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஆறு மாதம் நடந்தபின் ஒன்று வெளுக்கும், மற்றது வெளுக்காது. அதனால் ஒரே பெட்டிக்குள் பிறந்த இரண்டு பக்கத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. வாங்கிவிடலாம் என்றேன்.

அவர் வேண்டாம் என்றார். வாணியம்பாடியில் அவருடைய தோஸ்த் ஒருவர் வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிறவர். அவரிடம் மோனோவாக இரண்டு செய்து வாங்கலாம் என்றார். மோனோ என்றால் ஒரு பெட்டி ஒரு ஸ்பீக்கரை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டு ஸ்பீக்கருக்கு இரண்டு பெட்டி.

"ஒரே டிரான்ஸ்ஃபார்மர்னா ஒரு பக்கம் டிரம் அடிக்கும்போது இன்னொரு பக்கத்துக் கரன்ட்டையும் சேத்து இழுத்துக்கும். தனித்தனியா இருந்தா அவனவன் வேலைய அவனவன் பாப்பான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாடும்" என்றார் பஸ்ஸில் வரும்போது.

"நம்ம ஹால் இருக்கிற சைஸுக்கு இன்னாத்துக்குங்க ரெண்டு பெட்டி? ரெண்டு பிளக்கு, ரெண்டு மடங்கு சூடு, ரெண்டு மடங்கு தூசி."

"தூசிய நான் தொடைக்கிறேன்."

அங்கேதான் எனக்கு முதல் பொறி தட்டியது. துடைக்கிற துணி வீட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர் அவர். புடவை, பாத்திரம், பெயின்ட் நிறம், எதிலும் நான் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போகிறவர், இதில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். மூன்று மாதம் வைத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஸ்டீரியோ ஒன்று செய்து தருவதாக அந்தத் தோஸ்த் போனில் என்னிடமே சொன்னார். போனில் ஏன் அப்படிக் கத்துகிறார் என்று நினைத்தேன். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

பெட்டிகள் வந்த அன்றைக்கே கம்பெனி வழக்கப்படி இரண்டின் முதுகிலும் சில்வர் பேனாவால் ஒரே நம்பர் எழுதினேன். ரிப்பேர் என்று கொண்டுபோய் ஒன்றை மாற்றிவைத்தால் கண்டுபிடிக்க வேண்டாமா? முதுகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் இருந்தது. கோடோ எண்ணோ இல்லாத வழவழக் குமிழ். "அது ஃபிட்டிங் பண்றப்ப ரெண்டு பக்கமும் சமமா வெக்கறதுக்கு. அப்பறம் தொடவே வேணாம்" என்றார். மொத்தச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு சின்னப் பெட்டி டிவி ஸ்டாண்டில் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் ஞாயிறு பாட்டு அற்புதமாக இருந்தது. பாடுகிறவர் நடுவில் நின்றார். வயலின்கள் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்டன. ஒருவர் வாசிப்பது இன்னொருவர் மேல் ஏறவில்லை. ஸ்டீரியோதான் வேண்டும் என்று நின்றிருந்தால் இது கிடைத்திருக்காதோ என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் நடுவில் இல்லை. இடது ஸ்பீக்கருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு பாடினார்.

"ஏங்க, இடது பக்கம் ஜாஸ்தியா கேக்குது."

"இல்லையே. சரியாத்தான் இருக்கு" என்று எழுந்து போய் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டால் சமம். அடுத்த வாரம் ஒரு நாள் மறுபடி இடது பக்கம் கனத்தது. சொன்னேன். "உனக்குத்தான் காதுல எதுனா அடைச்சிருக்கும்" என்றார். எனக்கே சந்தேகமாகி, கம்பெனி டிஸ்பென்சரியில் நர்ஸம்மாவிடம் காதைக் காட்டினேன். இரண்டு காதையும் வெந்நீர் விட்டுக் கழுவிவிட்டு, சுத்தமாகத்தான் இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றாள். பஞ்சை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் ஷூ பார்த்தேன்.

பிறகு எங்கள் டேபிள் முறையில் இறங்கினேன். ஒரு ஷூ கோணலாக நின்றால் அதை இடம் மாற்றி வைப்போம். கோணல் கூடவே வந்தால் குற்றம் ஷூவில். அங்கேயே நின்றால் டேபிளில். ஒரு சாயங்காலம் இடது பக்கம் கனமாகக் கேட்ட நேரத்தில் அவர் பால் வாங்கப் போனார். அந்த இடைவெளியில் வயரைக் கழற்றி இரண்டு பெட்டியையும் இடம் மாற்றினேன். கனம் வலது பக்கம் வந்துவிட்டது. அப்படியானால் குற்றம் பெட்டியில்தான். முதலில் இடதில் இருந்த பெட்டியின் தலையில் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி, பழையபடி வைத்தேன். பால் வாங்கி வந்தவர் அம்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆனால் என் மனம் அதோடு நிற்கவில்லை. உறுதி செய்துகொள்ள அடுத்த வாரம் பெட்டிகளை மறுபடி இடம் மாற்றி, அப்படியே விட்டுவைத்தேன். அம்பு ஒட்டிய பெட்டி இப்போது வலது பக்கம். இரண்டு நாள் கழித்து வந்து கேட்டால் மறுபடி இடது பக்கம் கனம்! குற்றம் பெட்டியோடும் போகவில்லை, இடத்தோடும் நிற்கவில்லை. எங்கள் லைனில் இப்படி ஒரு குற்றம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ நடுவில் கை வைக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு இரண்டு பக்கமும் சமமாகக் கேட்ட நேரத்தில், பெட்டிகளின் முதுகில் இருந்த கறுப்புக் குமிழ்களில் சில்வர் பேனாவால் கடுகளவு புள்ளி வைத்தேன். அதற்கு நேராகப் பெட்டியிலும் ஒரு புள்ளி. இரண்டு புள்ளியும் ஒட்டிக்கொண்டிருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். திங்கட்கிழமை வந்து குனிந்து பார்த்தேன். இடது ஸ்பீக்கருக்கான பெட்டியில் புள்ளிகள் விலகியிருந்தன. புதன்கிழமை சேர்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை மறுபடி விலகல். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகச் சேர்ந்திருந்தன. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் நான் தொடவில்லை.

"பின்னாடி நாபை எதுனா தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் தொடறேன்?" என்றார். கை கழுத்துக்குப் போனது.

அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முகத்துக்கு நேரே அவர் சொல்லி நான் கேட்ட பெரிய பொய் அது. எதற்காக? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தோஸ்த் ஏமாற்றிவிட்டான். ஜோடி சேராத இரண்டு பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான். சூடேறினால் ஏதோ ஒன்று சத்தம் குறைகிறது, இவர் குமிழைத் திருகி ஈடுகட்டுகிறார், ஆறினதும் அது ஜாஸ்தியாகிவிடுகிறது. சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கட்டின பெண்டாட்டியின் காதைக் குறை சொல்கிறார். மூன்று மாதத் தவணை முடிய ஒரு வாரம் இருந்தது.

அரைநாள் லீவு போட்டேன். இரண்டு பெட்டியையும் ஷூ அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டி, ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி வாணியம்பாடிக்குப் போனேன். ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, ஜோடியாகத்தான் காட்ட வேண்டும். இரும்புக் கனம். கை இற்றுப்போனது.

அந்தத் தோஸ்த் நான் நினைத்ததைவிட வயதானவர். தாடியில் ஈயப்பற்று வைக்கிற புகை வாடை. உட்காரச் சொல்லி, ஸ்டூலை என் இடது பக்கமாகப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கக்கா! இன்னா பிரச்சனை!" என்று கத்தினார். தப்பு செய்தவன்தான் சத்தம் போடுவான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"பாய், ரெண்டும் ஜோடி இல்ல. ஒண்ணு நேரமாக ஆக வீக்காவுது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டையும் மேஜையில் வைத்து, ஊ என்று ஒரே சுருதியில் சத்தம் போடுகிற கருவியை மாட்டி, மீட்டரை வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே எண். வயரை மாற்றிப் போடுங்கள் என்றேன். மாற்றினார். ஒரே எண். மீட்டரையே மாற்றுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே வேறு மீட்டர் எடுத்தார். சூடாகட்டும் என்றேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் டீ வரவழைத்துக் கொடுத்து, மறுபடி வைத்தார். கை வைக்க முடியாத சூட்டிலும் ஒரே எண். இத்தனைக்கும் நடுவில் அவர் என் இடது காதுக்கு அருகே குனிந்து குனிந்து கத்திக்கொண்டே இருந்தார்.

"பாய், எனக்கு நல்லாவே காது கேக்குது. ஏன் கத்துறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க வூட்டுக்காருதான் சொன்னாரு. சின்ன ஹாலுக்கு ஸ்டீரியோவே போதும், ஒரே நாபு, பேஜார் இல்லன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். அவரு கேக்கல. ரெண்டுக்கும் தனித்தனி நாபு வேணும் பாய், என் வூட்டுக்காரிக்கு இடது காது கம்மி, அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சுக்கணும், வெளிய சொன்னா சங்கடப்படுவான்னாரு."

மீட்டரில் அந்த எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டிகளைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவருடைய மெஷினுக்கு இடது கைப் பக்கம் கம்ப்ரஸர் இருக்கிறது, நாள் முழுக்க அதன் இரைச்சல்தான் என்று எப்போதோ சொன்னது. ஒரு வருஷமாகக் கட்டிலில் இடம் மாற்றிப் படுப்பது. சர்ச்சில் பெஞ்சின் இடது ஓரமாகப் பார்த்து உட்கார்வது. பைக்கில் போகும்போது நான் இடது பக்கம் சாய்ந்து ஏதாவது சொன்னால் பேசாமலே ஓட்டுவது. திமிர் என்று நினைத்துக்கொண்டு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்! ஷூவில் மயிரிழைச் சுருக்கத்தைக் கண்டுபிடிக்கிற கண், வீட்டில் இருக்கிற மனிதரைப் பார்க்கவே இல்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

இருந்தாலும் நான் நான்தானே. பார்க்காமல் நம்பிவிட முடியுமா? வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டி இல்லாத வெற்று வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் பின்னால் போய் நின்று, "ரெண்டையும் வித்துட்டேங்க" என்று மெல்லச் சொன்னேன். அசையவில்லை. வலது பக்கம் மாறி நின்று அதே அளவில் அதையே சொன்னேன். சட்டென்று திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நல்லா இருந்த என் காதைக் கழுவ வெச்சீங்களே, நியாயமா இது?"

அவருக்குப் புரிந்துவிட்டது. கை கழுத்துக்குப் போய், பாதியில் நின்று, மடிக்கு இறங்கியது. "பாய் சொல்லிட்டாரா?" என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல? கம்பெனியில தெரிஞ்சா வேலை போய்டும்னு பயமா?"

"அங்க தெரிஞ்சா வேற மெஷினுக்கு மாத்துவாங்க, அவ்ளோதான். உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

"நான் இன்னா பண்ணிடுவேன் உங்கள?"

அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். "ஒரு பக்கம் சரியில்லன்னா அம்பு ஒட்டி ஓரமாத் தள்ளுற ஆளு நீ. என் மேலயும் ஒட்டிடுவியோன்னு இருந்துச்சு" என்றார்.

விளையாட்டாகச் சொன்னது மாதிரிதான் சொன்னார். தரையில் உட்கார்ந்து அந்த அம்பைச் சுரண்ட ஆரம்பித்தேன். பெட்டியின் சூட்டில் பசை இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டியும் பாதிதான் வந்தது. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மீதியைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தார்.

அடுத்த வாரம் வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். இடது காதில் போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இப்போது காதில் அடைப்பு வைத்துக்கொண்டுதான் மெஷினில் நிற்கிறார். ஸ்டீரியோவாக மாற்றித் தரட்டுமா என்று பாய் போனில் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக. வேண்டாம் என்றேன். ஒரே குமிழ் இருக்கிற பெட்டி இனி எங்கள் வீட்டுக்கு உதவாது.

ஒரு ஞாயிறு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாடுகிறவர் நடுவில் வரும்வரை கையைக் காட்டச் சொல்லி, இடது பெட்டியின் குமிழை நானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அவர் கை காட்டிய இடத்தில் சில்வர் பேனாவால் இன்னொரு புள்ளி வைத்தேன். எனக்கு அது இடது பக்கம் கனமாகத்தான் கேட்டது. அதனால் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வலது ஸ்பீக்கர் பக்கமாக நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். ஓர் இடத்தில் பாடுகிறவர் எனக்கும் நடுவில் வந்துவிட்டார். அது அவருடைய வலது கைப் பக்கம். அங்கிருந்து நான் ஏதாவது சொன்னால் அவருக்குக் கேட்கிறது.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்தேன். பாடுகிறவர் வலது பக்கம் தள்ளி நின்றார். எழுந்து போய்ப் பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். குமிழ் எனக்குச் சமமாகக் கேட்ட பழைய புள்ளிக்குத் திரும்பியிருந்தது.

"யார் இதைக் குறைச்சது?"

"நான் ஏன் தொடறேன்?" என்றார், கழுத்தைச் சொறிந்துகொண்டே.

அவருடைய புள்ளிக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.